கட்டடம் இல்லாத காலேஜ்

(எடிசன், நியூ ஜெர்சி. ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது காபி.)

மாமனார்: மாப்பிள்ளை, 538-க்கு 270 எடுத்தால் போதும் என்று படித்தீர்களே, நிஜமாகவா? ஐம்பது சதவீதம்தானே வருகிறது! நம் ஊரில் 200-க்கு 190 கட் ஆஃப் வைத்துக்கொண்டே பிள்ளைகள் அழுதுகொண்டு திரும்புகின்றன. பேத்தியை இங்கேயே சேர்த்துவிடுங்கள்.

மாப்பிள்ளை: மாமா, நான் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறேன். இது எலக்டோரல் காலேஜ்.

மாமனார்: எந்தக் காலேஜாக இருந்தால் என்ன, கோட்டா உண்டா?

மாப்பிள்ளை: உண்டு, மாநிலவாரியாக. கலிஃபோர்னியாவுக்கு 54, வயோமிங்குக்கு 3, எங்களுக்கு 14.

மாமனார்: மெரிட்டும் பார்ப்பார்கள் அல்லவா?

மாப்பிள்ளை: அது கொஞ்சம் இடிக்கும். 2016-இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கு மேல் அதிகமாக வாங்கினார். கிடைக்கவில்லை.

மாமனார்: 28 லட்சம் மார்க்கா?

மாப்பிள்ளை: ஓட்டு, மாமா, ஓட்டு! இது காலேஜே இல்லை. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிற 538 பேருக்கு அப்படி ஒரு பெயர். நவம்பரில் மக்கள் போடும் ஓட்டு இவர்களைத்தான் தேர்ந்தெடுக்கும். டிசம்பரில் இவர்கள் கூடி ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவார்கள்.

மாமனார்: எங்கே கூடுவார்கள்?

மாப்பிள்ளை: அவரவர் மாநிலத்தில். 538 பேரும் ஒரே இடத்தில் சேருவதே இல்லை.

மாமனார்: அப்போ கட்டடம்?

மாப்பிள்ளை: கிடையாது.

மாமனார்: இதற்கா வெட்கப்படுகிறீர்கள்? நம் ஊரிலும் கட்டடம் இல்லாமல் காலேஜ் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் எங்கிருந்தோ வாத்தியார்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

மாப்பிள்ளை: (மெதுவாக) இவர்களும் ஒரு நாள்தான் வருவார்கள்.

மாமனார்: அந்த அம்மா மறுகூட்டல் கேட்டிருக்கலாமே?

மாப்பிள்ளை: 2000 ஜனாதிபதி தேர்தலில் நின்ற அல் கோர் கேட்டுப் பார்த்தார். பெரும்பாலான மாநிலங்களில் ஜெயித்தவருக்கே அந்த மாநிலத்துக் கோட்டா முழுக்கப் போய்விடும். ஃப்ளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசம். எண்ணிக்கொண்டிருக்கும்போதே சுப்ரீம் கோர்ட் நிறுத்தச் சொல்லிவிட்டது. நாடு முழுக்கக் கூட்டினால் அவர்தான் ஐந்து லட்சத்துக்கு மேல் முன்னால்.

மாமனார்: நான் தாலுகா ஆபீஸ் சர்வேயர். முப்பது வருஷம் எலெக்‌ஷன் டியூட்டி பார்த்தவன். அதிக ஓட்டு வாங்கினவரை வீட்டுக்கு அனுப்புகிற டியூட்டி மட்டும் எனக்குப் போட்டதில்லை.

மாப்பிள்ளை: நம் ஜனாதிபதியையும் ஒரு வாக்காளர் குழுதானே தேர்ந்தெடுக்கிறது?

மாமனார்: அவர் கையில் இருப்பது பேனா, மாப்பிள்ளை. உங்கள் ஆள் கையில் இருப்பது அணுகுண்டு.

மாப்பிள்ளை: என்ன சொன்னாலும் இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு சிஸ்டம் இருக்கிறது, மாமா.

மாமனார்: இருக்கட்டும். தேர்தல் நேரத்தில் இந்தத் தெருவில் மைக் செட் காதைக் கிழிக்குமோ?

மாப்பிள்ளை: நியூ ஜெர்சி 1992-இலிருந்து ஒரே கட்சிக்குத்தான் போகிறது. அதனால் இங்கே அவ்வளவாக எட்டிப் பார்க்கமாட்டார்கள். டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா. அது ஸ்விங் ஸ்டேட், எந்தப் பக்கமும் சாயும். அங்கேதான் விழுந்து கிடப்பார்கள்.

மாமனார்: ஆக, அடம் பிடிக்கிற பிள்ளைக்குத்தான் மிட்டாய். அது சரி, புத்தகத்தில் இது என்ன, பல்லியா?

மாப்பிள்ளை: தொகுதி, மாமா. 1812-இல் மாசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்துப் போட்ட எல்லை. சாலமாண்டர் என்ற பல்லி மாதிரிப் பிராணி போல வளைந்து கிடந்ததால் கெர்ரிமாண்டர் என்று கேலி செய்தார்கள். அதுவே பெயராகிவிட்டது.

மாமனார்: (கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு) இதற்குக் கல் நட்டவன் யார்?

மாப்பிள்ளை: பல மாநிலங்களில் சட்டசபையே வரைந்துகொள்கிறது.

மாமனார்: ஜெயித்தவர்களேவா? நிலத்துக்காரனே சங்கிலியைப் பிடித்தால் வரப்பு எந்தப் பக்கம் நகரும் என்று எனக்குத் தெரியாதா?

மாப்பிள்ளை: பொதுவாகப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, சென்சஸ் முடிந்த பிறகுதான் வரைவார்கள். 2025-இல் டெக்சாஸ் தன் ஆளும் கட்சிக்கு ஐந்து இடம் கூடும் என்று நடுவிலேயே மாற்றியது. கலிஃபோர்னியா சும்மா இருக்குமா? அதுவும் ஓட்டெடுப்பு நடத்தி மாற்றிவிட்டது.

மாமனார்: அண்ணன் அரை அடி தள்ளினான், தம்பி ஒரு அடி தள்ளினான். என் பீரோவில் இதே கேஸ் நாற்பது இருந்தது. அவற்றுக்கெல்லாம் சிஸ்டம் என்று நாங்கள் பெயர் வைக்கவில்லை.

மாப்பிள்ளை: (புத்தகத்தைப் பிடுங்கி) நீங்கள் கேள்வி கேளுங்கள், நான் பதில் சொல்கிறேன். மொத்தம் 128 கேள்வி. 20 கேட்பார்கள், 12 சரியாகச் சொன்னால் பாஸ்.

மாமனார்: கொடுங்கள். ம்... உங்கள் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் யார்?

மாப்பிள்ளை: அது வந்து... என் போன் எங்கே?

மாமனார்: பதினாலு வருஷமாக இதே வீடு. போன மாதம் எங்கள் வார்டு கவுன்சிலர் சாக்கடையைத் தூர்வாரவில்லை என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாலு பக்கம் எழுதினீர்கள். கவுன்சிலர் பெயர், வார்டு நம்பர், அவருடைய மச்சான் எடுத்த டெண்டர் வரை ஒரு பிழை இல்லை.

மாப்பிள்ளை: அது வேறு, மாமா. (போனைத் தட்டியபடி) இதோ, வந்துவிட்டது. ஜிப் கோடு கேட்கிறது.

மாமனார்: அதுவாவது மனப்பாடமா?