சண்டை எங்கே என்று கேட்பவர்களுக்கு

‘தி அசாசின்’ பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு புகார் வந்துவிடும்: “வாள் சண்டைப் படம் என்றார்கள், சண்டையையே காணோம்.” 2015 கான் திரைப்பட விழாவில் ஹௌ ஷியாவ்-ஷியெனுக்குச் சிறந்த இயக்குநர் விருது வாங்கித் தந்த படம் இது. (அந்த ஆண்டு விழாவின் உச்ச விருதான தங்கப்பனை ‘தீபன்’ படத்துக்குப் போனது. அதில் நடித்த நம் எழுத்தாளர் ஷோபாசக்தியைப் பற்றிப் பேசவே நமக்கு நேரம் சரியாக இருந்தது. இந்தத் தைவான்காரரை யார் கவனித்தார்கள்!)

படம் பார்த்துத் தூங்கியவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் சண்டை குறைவு என்பதையே குற்றமாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒன்பதாம் நூற்றாண்டு, தாங் வம்சத்துச் சீனா. ஒரு பெண் துறவியிடம் கொலைத்தொழில் கற்றவள் யின்னியாங். கறுப்பு வெள்ளையில் தொடங்கும் படத்தில், குதிரையில் வரும் ஒருவனை இமைக்கும் நேரத்தில் தீர்த்துவிடுகிறாள். அடுத்தவனைக் கொல்லப் போனவள், அவனிடம் குழந்தை இருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடுகிறாள். அந்த இரக்கத்துக்குத் தண்டனையாகத்தான், ஒருகாலத்தில் தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த உறவுக்காரனையே கொன்றுவர வெய்போ என்ற மாகாணத்துக்கு அனுப்பப்படுகிறாள். கைக்குத் திறமை இருக்கிறது, மனம்தான் இடம் கொடுக்கவில்லை. இவள் கதையில் பத்து நிமிடத்துக்கு ஒரு சண்டை வைத்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அவளுடைய தயக்கத்தை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்தப்புரக் காட்சியைப் பாருங்கள். அந்த உறவுக்காரன் தன் ஆசைநாயகியிடம் பழைய கதை பேசிக்கொண்டிருக்கிறான். கேமராவுக்கும் அவர்களுக்கும் இடையில் மெல்லிய பட்டுத் திரைகள். காற்றில் திரை அசையும்போது மெழுகுவர்த்திச் சுடர் கலங்குகிறது, முகங்கள் மங்கித் தெளிகின்றன. சற்று நேரம் கழித்துத்தான் உறைக்கிறது, யின்னியாங்கும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று. வாளை உருவ ஒரு நொடி போதும். உருவவில்லை. எந்தச் சண்டைக் காட்சியிலும் எனக்கு இவ்வளவு பதற்றம் வந்ததில்லை. ஒளிப்பதிவாளர் மார்க் லீ பிங்-பினுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

முகமூடிப் பெண்ணுடன் மரங்களுக்கிடையே நடக்கும் மோதலும் அப்படித்தான். சில வீச்சுகள், அவ்வளவுதான். முகமூடி பிளந்து தரையில் கிடக்கிறது, இருவரும் ஆளுக்கொரு திசையில் நடந்துவிடுகிறார்கள்.

இந்த நிதானம் வாள் சண்டைப் படங்களுக்குப் புதிதும் அல்ல. கிங் ஹூ இயக்கிய ‘எ டச் ஆஃப் ஜென்’ என்ற பழைய வாள் சண்டைப் படத்தில் முதல் சண்டைக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தப் படமும் 1975இல் கானில் பரிசு வாங்கியது.

குறை இல்லாமல் இல்லை. யார் யாருக்கு என்ன உறவு, அரசவையில் யார் யாருக்கு எதிரி என்பதை ஹௌ வேண்டுமென்றே விழுங்கிவிடுகிறார். மௌனம் வேறு, குழப்பம் வேறு. சில இடங்களில் இரண்டும் கலந்துவிட்டன என்பது என் எண்ணம்.

2023இல் மறதி நோயால் அவர் ஓய்வு பெற்றுவிட்டதாகக் குடும்பத்தினர் தெரிவித்தார்கள். ஆக, இதுவே அவருடைய கடைசி முழுநீளப் படம்.

பார்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து கைபேசியில் பார்க்காதீர்கள். 35 எம்எம் பிலிமில் எடுத்த அந்த இருட்டும் பட்டும் சின்னத் திரையில் வெறும் கறுப்பாகிவிடும். கதைச் சுருக்கத்தை முன்பே படித்துவிட்டு உட்காருங்கள். சுவாரஸ்யம் கெட்டுப்போகும் வகைப் படம் இல்லை இது.