டிக்கெட் எடுத்த பிறகு எனக்கு எதற்குத் தகவல்?

"அம்மா, டிக்கெட் எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இரவு பாண்டியனில் கிளம்புகிறோம். பிள்ளைகளை விட்டுவிட்டு ஞாயிறு ராத்திரியே நான் திரும்பிவிடுவேன்." கோடை விடுமுறை வந்துவிட்டது என்று எனக்குத் தெரியவருவது இப்படித்தான். ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. சென்னையிலிருந்து மதுரைக்கு அந்தச் சமயத்தில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதால், திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கே என் மூத்த மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஆக, பிள்ளைகள் என் வீட்டுக்கு வரப்போவது ரயில்வேக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே தெரியும். எனக்கு அவர்கள் பெட்டி கட்டும்போது தெரியும்.

மொத்தம் ஏழு பேர். மூத்தவனுக்கு இரண்டு, கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு மூன்று. சின்னவன் எங்கள் வீட்டு மாடியிலேயே இருப்பதால் அவனுடைய இரண்டும் வருடம் முழுக்க என்னோடுதான். பாதிப் பேருக்கு நான் அப்பத்தா, மீதிப் பேருக்கு அம்மாச்சி. எப்படிக் கூப்பிட்டாலும் ஓடிவர வேண்டியது நான் ஒருத்திதான்.

"பேரன் பேத்திகள் வருவது பிடிக்கவில்லையா?" என்று உடனே ஆரம்பித்துவிடாதீர்கள். அந்தக் கேள்வியை வைத்துத்தான் இத்தனை வருடமும் என் வாயை அடைத்திருக்கிறீர்கள். மாம்பழத்தை அரிந்தால் கொட்டை யாருக்கு என்று ஏழு பேரும் சண்டை போடுவதும், கடைசியில் இருப்பதிலேயே பொடியன் முழங்கை வரைக்கும் சாறு வழியக் கொட்டையைச் சப்பிக்கொண்டு திண்ணையில் ராஜா போல உட்கார்ந்திருப்பதும் எனக்குப் பிடிக்காமல் யாருக்குப் பிடிக்கும்? என் கோபம் அதுகள் மேல் இல்லை. அதுகளைப் பெற்றவர்கள் மேல்.

நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து 60 வயதில் ஓய்வு பெற்றவள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தைத் தொடங்கிய சில வருடங்களிலேயே வேலையில் சேர்ந்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறேன். ஆனால் அங்கே எனக்கு ஒரு சமையலர் உண்டு, ஓர் உதவியாளர் உண்டு. இத்தனை பிள்ளைகளுக்கு இவ்வளவு அரிசி என்று அளவு உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை தலைக்கு 100 கிராம். வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு உலை வைப்போம். சொல்லாமல் கொள்ளாமல் கூடுதலாக ஐந்து பேர் வந்து நிற்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மே மாதம் மையத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் காலை நீட்டிப் படுப்பேன். இப்போதோ மே மாதம்தான் எனக்கு முழுநேர வேலை. சமையலரும் நான், உதவியாளரும் நான், அமைப்பாளரும் நான். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் மட்டும் நான்கு பேர், இரண்டு ஊர்களிலிருந்து, வீடியோ காலில்.

காலையை மட்டும் சொல்கிறேன், மற்ற நேரத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு முதல் நாளே அரைத்த மாவு ஒரு வேளைக்குத்தான் காணும். கோயம்புத்தூர்ப் பெரியவனுக்குத் தோசை முறுகலாக வேண்டும். முறுகலாக இருந்தால் சென்னைப் பேத்திக்குத் தொண்டையில் குத்தும். அவளுடைய தம்பி சட்னியில் கடுகு மிதந்தால் தட்டைத் தொட மாட்டான். அதனால் தாளித்துக் கொட்டுவதற்கு முன்பே அவனுக்குத் தனியாக ஒரு கிண்ணம் எடுத்து வைக்க வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்பூனால் ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கி எடுத்தேன். அவனும் பக்கத்தில் நின்று, "அப்பத்தா, இதோ ஒன்று, அங்கே ஒன்று" என்று காட்டிக்கொண்டிருந்தான். நடுவில் குளியலறைக்கு வரிசை, அந்த வரிசையில் அடிதடி, அடிதடிக்குப் பஞ்சாயத்து. எல்லாரும் தின்று முடித்த பிறகு தோசைக்கல்லில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு. சர்க்கரைக்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு அந்தக் காய்ந்த தோசையை விழுங்கும்போது மணி பதினொன்று. உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "அம்மாச்சி, மதியத்துக்கு என்ன?"

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். உடம்பு வலிக்குத் தைலம் இருக்கிறது. உத்தரவுகளுக்கு எந்தத் தைலத்தைப் போடுவது? பிள்ளைகளோடு ஒரு பட்டியலும் ரயிலேறி வந்துவிடுகிறது. வெள்ளைச் சர்க்கரை கூடாது, கருப்பட்டிதான் போட வேண்டும். மைதா கண்ணில் படக் கூடாது. செல்போன் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. ஒருத்திக்கு ஆரஞ்சு பாக்கெட் பால், இன்னொருவனுக்கு நீலம். மத்தியானம் ஒரு மணி நேரம் இந்தி வகுப்பு ஆன்லைனில், அப்போது வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது. மைதா விஷம் என்று எனக்கு வகுப்பு எடுக்கிற என் மகள், மதுரை மண்ணில் கால் வைத்த அன்று இரவே தம்பியை அனுப்பிப் புரோட்டாவும் சால்னாவும் வாங்கிவரச் சொல்வாள். அது கணக்கில் வராது. இந்த மூன்று பேரையும் சர்க்கரை போட்ட காப்பி கொடுத்து வளர்த்தவள் நான். மூன்று பேரும் பட்டம் வாங்கி, பல்லும் விழாமல்தான் இருக்கிறார்கள்.

பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு விசாரணைக் கமிஷன். "ஏனம்மா இவன் இளைத்திருக்கிறான்?" "முட்டியில் என்ன காயம், பார்த்துக்கொள்ள மாட்டாயா?" "தொண்டை கட்டியிருக்கிறதே, ஐஸ் கொடுத்தாயா?" நான் கொடுக்கவில்லை. கொடுத்தவர் யார் தெரியுமா? சாட்சாத் அவர்களுடைய தாத்தா. நாள் முழுவதும் மின்விசிறிக்குக் கீழே செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, "சத்தம் போடாதீர்கள்" என்பதைத் தவிர வேறு பங்களிப்பு இல்லாத மனிதர், மாலையானால் சட்டையை மாட்டிக்கொண்டு ஏழு பேரையும் கூட்டிப்போய் ஆளுக்கொரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான். "தாத்தாதான் சூப்பர்!" ஊருக்குத் திரும்பியதும் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற விடுமுறைக் கட்டுரையில் அவருக்கு ஒரு பக்கம். எனக்கு, "அப்பத்தா நன்றாகச் சமைப்பார்" என்று ஒரே வரி. அரசாங்கம் 2019-ல் நாடு முழுவதும் யார் எதில் நேரம் செலவிடுகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. பேப்பரில் அதைப் படித்துச் சொன்னவரும் இவர்தான். அந்த 97 நிமிடத்தில் நம் வீட்டுப் பங்கு எங்கே என்று கேட்டேன். பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

ஆனால் என் வயிறு எரிவது சித்திரைத் திருவிழாவுக்குத்தான். நான் செல்லூர்க்காரி. வைகையின் வடகரையில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அழகர் ஆற்றில் இறங்கும் இடம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சின்ன வயதில், ஆற்றுக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு என் அம்மாவோடு தல்லாகுளம் போவேன். சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாயை வாழையிலையால் கட்டி, மேலே சூடம் ஏற்றி, கையைச் சுட்டாலும் கீழே வைக்காமல் நின்றிருக்கிறேன். இப்போது என்ன நடக்கிறது? பள்ளி விடுமுறையும் திருவிழாவும் ஒன்றாக வருவதால் மகனும் மருமகளும் மகளும் மருமகனும், "ஊரில் திருவிழா பார்த்து எத்தனை வருடமாயிற்று!" என்று கிளம்பி வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று விடியற்காலையில் எல்லாரும் குளித்துப் பட்டு உடுத்திப் பூ வைத்துக்கொண்டு வாசலுக்குப் போவார்கள். அங்கே நின்று யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்து, "கூட்டத்தில் சின்னதுகளைக் கொண்டுபோக முடியாது அம்மா, நீ பார்த்துக்கொள். உனக்குத்தான் வருடா வருடம் பார்க்கக் கிடைக்கிறதே" என்பார்கள். வருடா வருடமா? வருடா வருடம் நான் டி.வி.யில்தான் பார்க்கிறேன்! இந்தத் தடவையும் மூன்று வயதுப் பொடியன் மடியில் தூங்கினான். கால் மரத்துப்போய்விட்டது. வாசல் பக்கமிருந்து கொட்டுச் சத்தமும் கோவிந்தா கோஷமும் நிஜமாகவே காதில் விழுகின்றன, எதிரே டி.வி. பெட்டிக்குள் அதே சத்தம் கொஞ்சம் தாமதமாக வருகிறது. அழகர் என்ன நிறத்தில் பட்டு உடுத்தி வந்தார் என்பதைக்கூட, எட்டி நடந்தால் ஆறு என்கிற இடத்தில் இருந்துகொண்டு, வர்ணனையாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திரும்பி வந்தவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? "டிபன் ஆயிற்றா?"

கோடையோடு முடிகிற கதையும் இல்லை இது. மாடியில் இருக்கிற சின்னவனின் மனைவி வேலைக்குப் போகிறாள். நல்ல பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் அலுவலகத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை பார்க்கிறார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்று 2017-லேயே மகப்பேறு சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்துவிட்டார்கள். சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இதெல்லாம் அத்துப்படி. கேட்டுப் பார் என்று நான்தான் அனுப்பினேன். போய்க் கேட்டாள். "உங்கள் வீட்டில்தான் மாமியார் இருக்கிறார்களே, உங்களுக்கு எதற்கு?" என்றார்களாம். முகம் தெரியாத ஒரு நிறுவனம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என்னைத் தன் காப்பகமாகக் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்பது சரிதான்.

மகளுக்குப் பிரசவமென்றால் நான் கோயம்புத்தூர் போக வேண்டும். மூத்தவன் வீட்டில் யாருக்காவது காய்ச்சலென்றால் சென்னைக்கு. முன்பு 58 வயதான பெண்களுக்கு ரயில் கட்டணத்தில் பாதி சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள், கொரோனா போயிற்று, சலுகை திரும்பவில்லை. கிழவிகள் உல்லாசப் பயணம் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. அந்த ரயில் பெட்டிகளில் என் வயதுப் பெண்கள் மடியில் வைத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும், பிரசவ மருந்துப் பொடியும் பழைய வேட்டித் துணியும் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு மகள் வீட்டுக்குச் சம்பளமில்லாத வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். போகிற இடத்தில் "அம்மா வந்திருக்கிறார், சும்மாதான் இருக்கிறார்" என்று பக்கத்து வீட்டில் அறிமுகம் வேறு.

என்னிடம் கேளுங்கள். அவ்வளவுதான் நான் சொல்வது. "அம்மா, இந்தத் தேதியில் பிள்ளைகளை அனுப்பலாமா, உனக்கு முடியுமா, முட்டி வலி எப்படி இருக்கிறது?" என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒரு போன். நான் மாட்டேன் என்று சொல்லப் போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தால் கேட்க வேண்டாமா? வேலைக்கு வைத்த ஆளிடம்கூட, "நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?" என்று கேட்கிறீர்களே.

வரும் சித்திரைக்கு நான் முடிவு செய்துவிட்டேன். எதிர்சேவைக்கு முதல் நாளே தல்லாகுளத்தில் என் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன், அழகர் மலைக்குத் திரும்பிய பிறகுதான் வருவேன். எவர் பிள்ளையானாலும் அவரவர் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு வாருங்கள், இல்லையென்றால் மடியில் போட்டுக்கொண்டு டி.வி. பாருங்கள். மாவு அரைத்து வைத்துவிட்டுப் போக மாட்டேன். கிரைண்டர் பரணில் இல்லை, சமையலறையில்தான் இருக்கிறது. கேஸ் தீர்ந்தால் சிலிண்டர் பதிவு செய்யும் எண் உங்கள் அப்பாவின் செல்போனிலேயே இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாராவது அவருக்குக் காட்டிக்கொடுங்கள்.