அது நாஜி முகாம் இல்லை

கனவுபோல வரையும் சர்ரியலிச ஓவியரான ஜெர்மானியர் ஹான்ஸ் பெல்மர், தன்னோடு முகாமில் அடைபட்டிருந்த இன்னொரு ஜெர்மன் சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டின் முகத்தை வரைந்திருக்கிறார். அந்தப் படத்தை 'நாஜி முகாமில் பிறந்த ஓவியம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. இருவரையும் அடைத்தது பிரெஞ்சு அரசு. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும், ஹிட்லரை எதிர்த்தவர்களா என்றுகூடப் பார்க்காமல் ஜெர்மானியர்களை 'எதிரி நாட்டார்' என்று பிடித்துப் போட்டார்கள். பெல்மர் பெர்லினைவிட்டு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது!

தெற்கு பிரான்ஸில் எக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருவரும் அடைபட்டிருந்த லே மீல் முகாம் ஒரு பழைய செங்கல், ஓட்டு ஆலை. படத்தை உற்றுப் பாருங்கள்: எர்ன்ஸ்டின் முகத்தில் தோலே இல்லை, வரிசை வரிசையாகச் செங்கல். அடைத்த சுவரே முகமாகிவிட்டது. அதை வெறும் கனவுக் காட்சி என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. 1942-இல் அதே முகாமிலிருந்துதான் யூதர்கள் நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அனுப்பியதும், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசுதான். எர்ன்ஸ்ட் அதற்குள் அமெரிக்கா போய்ச் சேர்ந்திருந்தார்.