நெட் ஸ்லோவா, தளத்துக்குத் தடையா? அதையாவது சொல்லுங்கள்

வீட்டில் ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால் நாம் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். ரவுட்டரை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, திரும்பப் போடுகிறோம். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அப்புறமும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கடைசியில் "இந்தத் தளத்தை அணுக முடியவில்லை" என்று ஒரு வரி. நெட் ஸ்லோவா, தளமே படுத்துவிட்டதா, இல்லை யாராவது தடுத்து வைத்திருக்கிறார்களா? அந்த வரியை வைத்து எதையும் சொல்ல முடியாது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

வேகக் குறைவு நமக்குப் பழகிவிட்டது. பழகியிருக்கக் கூடாது. 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) என்று விற்பது வினாடிக்கு 12.5 மெகாபைட்தான், அவர்கள் கணக்கு பிட்டில், நாம் ஃபைலின் அளவைப் பார்ப்பது பைட்டில், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அந்த வேகமும் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு கிடைப்பதில்லை. ஒரே லைனைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும் நேரம் அது. புகார் சொன்னால் ஸ்பீட் டெஸ்ட் போடச் சொல்வார்கள். அந்தச் சோதனை பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சர்வர் வரைக்கும்தான் அளக்கும், சில சமயம் அது அவர்களுடைய நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். எண் நன்றாக வரும். நமக்கு வேண்டிய பக்கம் வராது.

சரி, இதற்காவது காரணம் தெரிகிறது, சண்டை போடலாம். தடை விஷயத்தில் அதுவும் இல்லை.

ஒரு தளத்தைத் தடுக்கப் பல வழிகள் உண்டு. தளத்தின் பெயரைக் கேட்டு முகவரி எண்ணைத் தரும் டிஎன்எஸ் சர்வர் தப்பான எண்ணைக் கொடுத்துவிடலாம். எச்டிடிபிஎஸ் என்ற பூட்டுப் போட்ட இணைப்பில் பக்கத்தின் உள்ளடக்கம் மறைந்திருந்தாலும், எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது பெரும்பாலும் தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் போகிறது. வழியில் இருக்கும் கருவி அதைப் படித்துவிட்டு இணைப்பை வெட்டிவிடலாம். இன்னொரு வழி இருக்கிறதே, அதுதான் மோசம். வெட்டக்கூட மாட்டார்கள். நாம் அனுப்பும் பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பதில் வரும் வரும் என்று பிரவுசர் காத்திருந்து ஓய்ந்துபோகும். வீட்டில் இருப்பவருக்கு அது வழக்கமான ஸ்லோ நெட் மாதிரியேதான் தெரியும்.

வேகத்தைக் குறைப்பதையே தணிக்கையாகச் செய்தவர்களும் உண்டு. 2021 மார்ச்சில் ரஷ்யா ட்விட்டரை முழுதாக மூடாமல் மெதுவாக்கியது. அப்போது ட்விட்டரின் 'டி.கோ' (t.co) என்ற குறுமுகவரி எந்தப் பெயருக்குள் வந்தாலும் சேர்த்துப் பிடித்ததில், நடுவில் அதே எழுத்துகள் வரும் மைக்ரோசாஃப்ட் (microsoft.com), ரெட்டிட் (reddit.com) தளங்களும் மாட்டிக்கொண்டன. அங்கே அரசு வெளிப்படையாக அறிவித்துவிட்டுச் செய்தது. அறிவிக்காமல் செய்திருந்தால் எத்தனை வீடுகளில் ரவுட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள்!

தடுப்பவர்கள் குறி தவறுவது புதிதும் இல்லை. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் நாட்டுக்குள் யூடியூபை நிறுத்தப்போய், யூடியூபுக்கு இதுதான் வழி என்று மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொல்லும் தவறான வழித்தட அறிவிப்பு வெளியே கசிந்து, உலகின் பல பகுதிகளில் யூடியூப் இரண்டு மணி நேரம் போல நின்றுபோனது. 2017 ஆகஸ்ட்டில் இந்தியாவில் திரைப்படத் திருட்டுக்கு எதிரான நீதிமன்ற உத்தரவில் இன்டர்நெட் ஆர்கைவும் அடைபட்டது. கோடிக்கணக்கான பழைய பக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் அது. துருக்கியில் விக்கிப்பீடியா 2017 ஏப்ரலிலிருந்து 2020 ஜனவரி வரை இல்லை. ஒரு மாணவர் பள்ளியில் நுழைந்து அடுத்தடுத்த வகுப்புக்குப் போய்விடும் காலம் அது.

என் வேலைக்குத் தினமும் தேவைப்படும் ஒரு தொழில்நுட்பத் தளம் ஒரு நாள் மாலை திடீரென்று நின்றது. கேபிளை மாற்றிப் பார்த்தேன், வைஃபையை விட்டு நேராக வயரில் போட்டுப் பார்த்தேன். மொபைலில் வேறு நிறுவனத்தின் டேட்டாவில் அதே தளம் உடனே திறந்தது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, "இதை நீங்க தடுத்திருக்கீங்களா?" என்று நேரடியாகக் கேட்டேன். "அது எங்களுக்குத் தெரியாது சார், உங்க லைன் சரியாத்தான் இருக்கு. ஒரு முறை ரீசெட் பண்ணிப் பாருங்க" என்றார் அந்தப் பெண். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மறுநாள் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. தளம் அப்போதும் திறக்கவில்லை.

எந்தத் தளத்தையும் தடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களை வைத்திருக்கும் தளத்தை மூடட்டும், யாரும் அழப்போவதில்லை. ஆனால் மூடினால் மூடியதாகச் சொல்ல வேண்டும். யார் உத்தரவு, எந்தச் சட்டம், எங்கே முறையிடுவது என்பதையும் சொல்ல வேண்டும். இருப்பதே தெரியாத உத்தரவை எதிர்த்து யார் வழக்குப் போட முடியும்?

சொல்வதற்கு வழி இல்லை என்பதும் பொய். சட்டக் காரணத்தால் காட்ட முடியவில்லை என்று சொல்வதற்கென்றே 451 என்ற பிழை எண் 2016-இலேயே வந்துவிட்டது. எச்டிடிபிஎஸ் தளங்களில் இடையில் இருக்கும் நிறுவனம் தன் அறிவிப்பைக் காட்டுவது கடினம், உண்மைதான். அதற்கும் 2020-இல் டிஎன்எஸ் பதிலோடு சேர்த்து அனுப்பக்கூடிய குறியீடுகள் வந்தன. அதில் 16-ஆம் எண்ணுக்குப் பொருளே 'தணிக்கை செய்யப்பட்டது' என்பதுதான். அதுவும் வேண்டாம் என்றால், மாதா மாதம் பில் அனுப்பத் தெரிந்த நிறுவனத்துக்கு, தடுத்த தளங்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் போடத் தெரியாதா?

அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு தளம் நின்றால், ரவுட்டரோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவில் ஒரு முறை திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் நேரத்தைக் குறித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இந்தத் தளத்தைத் தடுத்திருக்கிறீர்களா, ஆம் என்றால் யார் உத்தரவில்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். மின்னஞ்சல் என்றால் அவர்கள் சொன்னதும் சொல்லாததும் எழுத்தில் நம் கையில் இருக்கும்.