என் லேப்டாப்பில் ஏது சார் குக்கீ?

தினமும் காலையில் இதே கூத்து. ரிமோட் டெஸ்க்டாப்பில் ஆபீஸ் மெஷினுக்குள் போய்க் குரோமைத் திறந்தால், எல்லாத் தளமும் என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் பாஸ்வேர்டு கேட்கிறது, ஓடிபி கேட்கிறது, அப்புறம் "இந்தச் சாதனத்தை நினைவில் வைக்கவா" என்று வேறு கேட்கிறது. டிக் போடுகிறேன். மறுநாள் மறுபடியும் ஓடிபி. ஐடி பிரிவுக்கு டிக்கெட் போட்டால் ஒரே பதில்தான்: உங்கள் லேப்டாப்பில் குக்கீயை (லாகின் செய்ததை நினைவில் வைக்கத் தளங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் சின்னத் தகவலை) அழித்துவிட்டுப் பாருங்கள்.

பிரவுசர் ஓடுவதே உங்கள் சர்வரில்! எனக்கு வந்து சேர்வது திரையின் படம், என்னிடமிருந்து போவது கீபோர்டு தட்டலும் மவுஸ் அசைவும். குக்கீ இருப்பது அந்த விண்டோஸில், என் யூசர் ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா, லோக்கல் என்று இறங்கிப் போனால் குரோம் வைத்திருக்கும் எஸ்கியூலைட் என்ற குட்டி டேட்டாபேஸ் ஃபைலில். அதை விட்டுவிட்டு என் லேப்டாப்பைத் துடைக்கச் சொல்வது தலைவலிக்குக் காலில் தைலம் தேய்க்கிற கதை. இதனால் வீட்டில் நான் பயன்படுத்தும் தளங்களின் லாகினெல்லாம் போனதுதான் மிச்சம்.

நடப்பது இதுதான். லாக் ஆஃப் ஆனதும் ப்ரொஃபைலை, அதாவது என் யூசர் ஃபோல்டரையும் அமைப்புகளையும், துடைத்துவிட்டு, மறுநாள் புது மெஷின் ஒன்றைக் கொடுக்கிறீர்கள். மெஷின் மாறினாலும் கூடவே வர ரோமிங் ப்ரொஃபைல் இருக்கிறதாம்! ஆப்டேட்டாவுக்குள் அது சுமந்துபோவது ரோமிங் ஃபோல்டரை மட்டும். ஃபயர்பாக்ஸின் குக்கீ அங்கே இருப்பதால் தப்பிக்கும், குரோமுடையது லோக்கலில் இருப்பதால் காலி. மொத்த ப்ரொஃபைலையும் ஒரு விர்ச்சுவல் டிஸ்க்கில் போட்டு லாகினின்போது மாட்டிவிட எஃப்எஸ்லாஜிக்ஸ் இருக்கிறது, 2018-இலேயே மைக்ரோசாஃப்ட் வாங்கியாயிற்று. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: 2024-இல் வந்த குரோம் 127 முதல், விண்டோஸில் குக்கீயைப் பூட்டும் சாவியை அந்தந்த மெஷினோடு கட்டிவிட்டார்கள், அதனால் ஃபைல் கூடவே வந்தாலும் வேறு மெஷினில் திறக்காது. திருடர்களுக்காகச் செய்த நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ப்ரொஃபைல் மெஷின் மாறுகிற இடத்தில் இது சரிப்படாது என்று கூகுளே சொல்லி, அணைக்க ஒரு பாலிசியும் (நிர்வாகிகளுக்கான அமைப்பும்) கொடுத்திருக்கிறது. அணைக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது உங்கள் வேலை, என்னுடையதல்ல.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பயிற்சிக்கு என்று வைத்திருக்கும் மெஷினில் எல்லோருக்கும் ஒரே யூசர் ஐடி. மூலையில் உள்ள எக்ஸை அழுத்தினால் இணைப்புதான் அறும், செஷன் அங்கே ஓடிக்கொண்டேதான் இருக்கும். அடுத்து நுழைகிறவருக்கு முந்தையவரின் மெயில் திறந்தபடி கிடக்கிறது. துடைக்க வேண்டிய இடத்தில் துடைப்பதில்லை!

அடுத்த தடவை டிக்கெட்டை 'தீர்ந்தது' என்று மூடுவதற்கு முன்னால், தயவுசெய்து யாராவது ஒருவர் அந்த மெஷினுக்குள் போய்ப் பாருங்கள்.