பயிற்சி மட்டும் போதாது

ஐரோப்பாவில் ஒதுக்கப்பட்ட சிறுபான்மையினரான ரோமா மக்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுத்தால் வேலை கிடைத்துவிடும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. கிழக்கு ஸ்லோவாக்கியாவில் சம்பளம் கைக்கு வரும் இடத்தில்தான் சிக்கலே. பழைய கடன் பாக்கி வட்டியும் வசூல் செலவுமாகப் பெருகி ஜப்தி வரை போயிருக்கும். முறையான வேலையில் சேர்ந்தால் முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்டியாக வேண்டும். பஸ் செலவும் போனால் மிஞ்சுவது சொற்பம் என்பதால் பலர் கணக்கில் வராத கூலிக்கே போகிறார்கள். 2017இல் அங்கே தனிநபர் திவால் நடைமுறை, அதாவது கோர்ட் மூலம் பழைய கடனிலிருந்து விடுபடும் வழி, எளிதாக்கப்பட்டது. அதற்கான முன்பணத்தை (2017இல் 500 யூரோ) அரசின் சட்ட உதவி மையம் கட்டிவிடும், கடனாளி தவணையில் திருப்பலாம். பயிற்சியில் சேர்க்கும்போதே அந்தத் திவால் மனுவையும் போட வைக்க வேண்டும். "வீடு கட்டிக் கொடுத்தாலும் பாழாக்குவார்கள்" என்று மேலே எழுதிய வாசகருக்கு: பல ரோமா குடியிருப்புகள் நிற்கும் நிலம் வாரிசு பிரிந்து பிரிந்து யார் யார் பெயரிலோ கிடக்கிறது. நிலம் பெயருக்கு வராமல் கட்டட அனுமதி கிடையாது, அனுமதி இல்லாமல் வீட்டுக்குக் குழாய் இணைப்பும் கிடையாது. சில ஊர்களில் கார்டில் பணம் ஏற்றிப் பொது இயந்திரத்தில் வாளியில் தண்ணீர் பிடிக்கிறார்கள், வேலைக்குப் போகும் முன் குளிப்பதும் அதில்தான். ஆனால் கிழக்கு ஸ்லோவாக்கியாவின் கோஷித்சே நகரம் அருகே ரான்கோவ்த்சே என்ற ஊரில் ரோமா குடும்பங்கள் மாதாமாதம் சேமித்து, சிறுகடன் வாங்கி, சட்டப்படியான மனையில் தங்கள் கையாலேயே வீடு கட்டிக்கொண்டன.