சத்திரத்தான் எங்கே?

வெளிநாட்டு மருத்துவ ஊழியப் பயணத்துக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுக்கலாமா என்று இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் கேட்கும்போதெல்லாம், பைபிளில் லூக்கா 10ஆம் அதிகாரத்திலுள்ள நல்ல சமாரியனின் உவமையை மறுபடி வாசிக்கச் சொல்கிறேன். கள்வர் அடித்துப் போட்டு வழியில் குற்றுயிராகக் கிடந்தவனின் காயங்களில் அவன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோய், மறுநாள் அதை நடத்தும் சத்திரத்தானிடம் பணம் கொடுத்து, இவனைப் பராமரிக்கும்படியும் அதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிவிட்டுப் போனதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

பத்து நாள் முகாமில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதைக் கண்டுபிடித்து ஒரு மாத மாத்திரை கொடுக்கிறோம். மாத்திரை தீர்ந்துவிடும், நோய் தீராது. பிறவியிலேயே பாதம் உள்வளைந்த குழந்தைக்குப் பொன்செட்டி முறையில் வாரந்தோறும் மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட வேண்டும். பாதம் நேரான பிறகும் நான்கைந்து வயதுவரை இரவில் தாங்குகாலணி அணிவிக்க வேண்டும். முதல் கட்டைப் போட்டுவிட்டு விமானம் ஏறுகிறவர் அந்தத் தாயிடம் என்ன சொல்லிவிட்டுப் போவார்? குடலிறக்க அறுவைக்குப் பின் இரண்டாம் வாரத்தில் சீழ் பிடித்தால், என்ன செய்யப்பட்டது என்ற குறிப்புகூட இல்லாமல் அந்தப் புண்ணைத் திறந்து பார்க்க வேண்டியவர் உள்ளூர் மருத்துவமனையின் செவிலியர். அவர்தான் சத்திரத்தான், பல குழுக்கள் அவரைச் சந்திக்காமலேயே ஊர் திரும்பிவிடுகின்றன.

இதனால் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பான அறுவை சிகிச்சை உரிய நேரத்தில், கட்டக்கூடிய செலவில் கிடைக்காதவர்கள் உலகில் ஏறத்தாழ 500 கோடிப் பேர் என்று 2015இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் கணக்கிட்டது. தேவை அவ்வளவு பெரிது என்பதால்தான், நிலைத்து நிற்கும் வேலைக்குத் தோள் கொடுங்கள் என்று கேட்கிறேன். 1978இல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் மருத்துவமனைக் கப்பல்கள் ஒரே துறைமுகத்தில் மாதக்கணக்கில் நின்று, அறுவை சிகிச்சையோடு அந்நாட்டு மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் அளிக்கின்றன. 1996இல் உருவான பான்-ஆப்பிரிக்கன் அகாடமி ஆஃப் கிறிஸ்டியன் சர்ஜன்ஸ், ஆப்பிரிக்க மருத்துவர்களை அங்குள்ள மிஷன் மருத்துவமனைகளிலேயே பல ஆண்டுகள் பயிற்றுவித்து அறுவை மருத்துவர்களாக்குகிறது. இத்தகைய இடத்துக்கு இரண்டு வாரம் பாடம் நடத்தப் போகிறவரையும், ஓய்வின்றி உழைக்கும் மருத்துவருக்கு விடுப்பு கிடைக்கும்படி அவருடைய பணியை ஏற்கப் போகிறவரையும் மனமார வாழ்த்தி அனுப்புவேன்.

சொந்த நாட்டில் செய்ய அனுமதியில்லாத சிகிச்சையை ஏழை நாட்டில் செய்து பழக நினைக்கும் மாணவரை வாழ்த்த மாட்டேன். அதைப் பாவம் என்றே கருதுகிறேன். மருந்து கொண்டு போகிறவர்கள், நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது அது காலாவதியாகக் குறைந்தது ஓராண்டாவது மிச்சமிருக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறையை அறிந்திருக்க வேண்டும்.

ஜெபத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளி விரும்பினால் அவருக்காக ஜெபிப்பது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மருந்துக்கான வரிசையில் நிற்பவருக்கு, ஜெபத்துக்குத் தலை குனிந்தால்தான் மருந்து கிடைக்கும் என்ற எண்ணம் எள்ளளவும் வரக் கூடாது. சமாரியன் காயப்பட்டவனிடம் எதையும் கேட்கவில்லை.

பெயர் கொடுக்கும் முன், நாம் திரும்பிய மறுநாள் நோயாளிகளைப் பார்க்கப் போகும் உள்ளூர் மருத்துவர் யார் என்று குழுத் தலைவரிடம் கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால், விமானக் கட்டணத்துக்கு வைத்திருக்கும் பணத்தை அந்த ஊரில் ஏற்கெனவே இயங்கும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள்.